இருபதுக்குப் பத்து அடியில் ஒரு தலைவி

எனக்குத் தலைமைப் பண்பு உண்டு. சும்மா சொல்லவில்லை, சான்றிதழ் இருக்கிறது. லேமினேட் செய்து, கேஸ் புத்தகமும் ரேஷன் அட்டையும் இருக்கும் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். (வேறு சாட்சி கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்களிடம் விசாரிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.)

அந்தச் சான்றிதழை வாங்குவதற்கு முன் நான் ஓரளவு உருப்படியான கணக்கு டீச்சராக இருந்தேன். திருவிடைமருதூருக்குக் கிழக்கே, நாலா பக்கமும் வயல் சூழ்ந்த ஊரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போனார், புதியவர் வரவில்லை. இருப்பவர்களில் மூத்தவள் என்ற ஒரே தகுதியில் என்னைப் பொறுப்புத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மணி அடித்தது, சத்துணவு வெந்தது, நான் பாட்டுக்குப் பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வருங்காலத் தலைமையாசிரியர்களுக்கான தலைமைத்துவ மேம்பாட்டுப் பயிற்சி, தஞ்சாவூரில் ஐந்து நாள், மதிய உணவு உண்டு.

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். கன்னத்தோரம் ஒரு குட்டி மைக். (தஞ்சாவூர் வெயிலில் கோட்டு போடுகிற மனிதரைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. என் புத்தி அப்போது அவ்வளவுதான்.) அதற்கு முன் பைக் விற்பவர்களுக்கு இதே பயிற்சியை நடத்தியதாக அவரே பெருமையாகச் சொன்னார். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். ஸ்லைடுகளில் 'வாடிக்கையாளர்' என்று இருந்த இடமெல்லாம் 'மாணவர்' என்று மாற்றியவர், மீதியை மாற்ற மறந்துவிட்டார். 'உங்கள் மாணவர் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடாமல் தடுப்பது எப்படி?' என்று திரையில் வந்தது. நாற்பது ஆசிரியர்களும் அதைப் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டோம்.

முதல் நாள், கண்ணை மூடி, நாம் எந்த உயிரினம் என்று யோசிக்கச் சொன்னார். நான் கழுகு என்றேன். உயரத்திலிருந்து பார்ப்பதால் தொலைநோக்கு உண்டு என்று விளக்கமும் கொடுத்தேன். கைதட்டினார்கள். என் பக்கத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து வந்த சுலைமான் சார் உட்கார்ந்திருந்தார், அறிவியல் ஆசிரியர்.

"நான் கொக்கு சார்," என்றார் அவர். "ஒத்தக் கால்ல நின்னு பிரமோஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். ஒம்பது வருஷமாச்சு."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. நெகட்டிவ் எனர்ஜி என்றார்.

இரண்டாம் நாள் சுலைமான் சார் எழுந்து, "எங்க பள்ளிக்கூடத்துல கணக்குக்கு ஆள் இல்லீங்க சார். ரெண்டு வருஷமா நானே கணக்கையும் எடுக்கிறேன். இதுக்கு என்ன லீடர்ஷிப் பண்ணலாம்?" என்று கேட்டார்.

"சூப்பர் கேள்வி," என்று பயிற்சியாளர் அதை ஒரு சார்ட்டில் எழுதினார். சார்ட்டின் தலைப்பு 'பார்க்கிங்'. இப்போது பதில் சொல்ல முடியாத கேள்விகளை அங்கே நிறுத்தி வைப்பார்களாம். குடிநீர்த் தொட்டி, கதவில்லாத கழிப்பறை, பாதியில் நின்ற சுற்றுச்சுவர் எல்லாம் அங்கே போய் நின்றன. ஐந்தாம் நாள் மாலை சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். எல்லா வண்டிகளும் இன்னமும் அங்கேயேதான் நிற்கின்றன.

கேள்விகளுக்குத்தான் பதில் இல்லையே தவிர, மற்றதெல்லாம் இருந்தது. எட்டுப் பேர் ஒரே செய்தித்தாள் மேல் நின்றோம். பலூன் ஊதி உடைத்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழாசிரியை, சக ஊழியர்கள் மேல் நம்பிக்கை வைத்துப் பின்பக்கமாக விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது நாலாம் நாள் பாடம்.

"தலைவர் யாரு? எல்லை போடத் தெரிஞ்சவர்தான் தலைவர்," என்றார் பயிற்சியாளர். "உங்களால முடியாதுன்னு சொல்ல முடியலை. அதான் உங்க பிரச்சினை. எதிர்ல இருக்கிறவங்க கண்ணை மூணு செகண்டு பாருங்க. அப்புறம் சிரிக்காம, காரணம் சொல்லாம, முடியாதுன்னு ஒரே வார்த்தை."

ஜோடி ஜோடியாக நின்று பழகினோம். சுலைமான் சார் என் கண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான் அதில் அபாரமாகத் தேறினேன். வகுப்பிலேயே சிறந்த 'முடியாது' என்னுடையதுதான் என்று பயிற்சியாளர் மைக்கில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்றே வேலையை ஆரம்பித்தேன். என் கணவர் கணேசன் உரக்கடையை மூடிவிட்டு வந்து, "மாலதி, ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்றார். மூன்று விநாடி கண்ணைப் பார்த்து, "முடியாது," என்றேன்.

"ஏன், பால் திரிஞ்சுடுச்சா?" என்றார்.

"காரணம் சொல்லக்கூடாது."

அவர் அடுக்களைக்குப் போய், தனக்கு ஒரு காப்பியும் எனக்கு ஒரு காப்பியும் போட்டுக் கொண்டுவந்தார். "அஞ்சு நாள்ல உன்னை என்னவோ பண்ணிட்டானுங்க," என்று மட்டும் சொன்னார்.

பயிற்சி அத்தோடு முடியவில்லை. ஆளுக்கொரு 'மாற்றத் திட்டம்' பள்ளியில் நிறைவேற்ற வேண்டும், குழு நேரில் வந்து பார்க்கும், சிறந்த திட்டத்துக்குப் பரிசு உண்டு என்றார்கள். திட்டங்களில் முந்துகிறவர்களுக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை கிடைக்கும் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. (யார் கிளப்பியது என்று தெரியாது. என்னை முட்டாளாக்க அது போதுமானதாக இருந்தது.) நான் என் பள்ளியைக் கழுகுப் பார்வையால் பார்த்தேன். கண்ணில் பட்டது மைதானத்தில் காய்ந்த நெல்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் என்றால் பள்ளி மைதானம் மட்டும்தான். குறுவை அறுவடை நேரத்தில் மழையும் வரும். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் ஈரம் பார்க்கிற மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் அதிகம், காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள். திரும்பி வந்த நெல் எங்கள் மைதானத்தின் தெற்குப் பாதியில் காயும். பிள்ளைகள் வடக்குப் பாதியில் விளையாடுவார்கள். மழை இருட்டினால் அள்ளி வராந்தாவில் போட்டுக்கொள்வார்கள். யாரும் அனுமதி கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்த விஷயம்.

அதை நிறுத்துவதுதான் என் மாற்றத் திட்டம். பெயர், 'நமது வளாகம் மாணவர்க்கே'. கும்பகோணத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தேன். இருபதுக்குப் பத்து அடி. இடது பக்கம் மயில் கழுத்து நிறச் சேலையில், கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்தபடி நான். வலது பக்கம் ஒரு கழுகு. நடுவில் 'தொலைநோக்குத் தலைமை'.

"மேடம், இது கல்யாணத்துக்கா, காதுகுத்துக்கா?" என்று கேட்டார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்.

"கல்விக்கு," என்றேன்.

"அப்படின்னா கனமான மெட்டீரியல் போட்டுக்கங்க. மழைக்குத் தாங்கும்," என்றார். அந்தப் பயிற்சி முழுவதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

குழு செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல். திங்கள் காலை பள்ளிக்குப் போனால் மைதானத்தில் நெல் காய்கிறது. அஞ்சலையக்காவின் நெல்.

அஞ்சலையக்கா எங்கள் பள்ளியின் தூய்மைப் பணியாளர். பெருக்குவதும் மணி அடிப்பதும் அவர் வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே ஊர் வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள், அறுத்தவர்கள். அந்த வருஷம்தான் முதன்முதலாக அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஓர் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாக நட்டிருந்தார்கள். நாற்று பச்சை பிடித்தது, பயிர் தூர் கட்டியது, கதிர் வந்தது என்று ஒவ்வொன்றையும் காலை மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் வந்து சொல்லுவார். தேர்வு முடிவு மாதிரி நாங்களும் கேட்டுக்கொள்வோம். அந்த நெல்தான் ஈரம் என்று திரும்பி வந்து கிடந்தது.

"அக்கா, இதை எடுத்துடுங்க," என்றேன்.

"ரெண்டு வெயிலு போதும் டீச்சர். நாளைக்குச் சாயங்காலம் அள்ளிடுறேன்."

"நாளைக்குக் குழு வருது."

"ஓரமாத் தள்ளிக்கிறேன் டீச்சர். வந்தவங்க காலுல ஒரு மணி படாது."

இந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்வாளோ அதை நான் செய்யவில்லை. அக்காவின் கண்ணை மூன்று விநாடி பார்த்தேன். சிரிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை.

"முடியாது."

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார். இரண்டு பேருமாக ஓர் ஏக்கர் நெல்லையும் கூடை கூடையாகச் சுமந்து, கேட்டுக்கு வெளியே வாய்க்காலோரச் சாலையில் கொட்டிப் பரப்பினார்கள். மதியமாகிவிட்டது. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டைப் பூட்டி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் எல்லை.

செவ்வாய் பதினொரு மணிக்கு கார் வந்தது. சாலையில் பாதி நெல்லாக இருந்ததால் தள்ளியே நின்றுவிட்டது. மாவட்ட அலுவலகத்து அதிகாரி ஒருவரும், கோட்டு போட்ட பயிற்சியாளரும், நெல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார்கள். நான் கேட்டைத் திறந்து, உள்ளே விட்டு, மறுபடி பூட்டினேன். தலைக்கு மேல் என் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. மைதானம் ஒரு பொட்டு தூசி இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது.

பத்தாம் வகுப்பறையில் திரை கட்டி ஸ்லைடு போட்டேன். மாணவர்களும் இருந்தார்கள். 'தடைகளை வாய்ப்பாக மாற்றுதல்' என்ற ஆறாவது ஸ்லைடில் அறை இருட்டியது. ஸ்லைடு இன்னும் நன்றாகத் தெரிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்கள். வடகிழக்கே வானம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது.

முதல் துளி ஜன்னல் கம்பியில் விழுந்ததுதான் தாமதம், வகுப்பு மொத்தமும் எழுந்தது.

"உட்காருங்க," என்றேன்.

யாரும் உட்காரவில்லை.

"மிஸ், அக்கா நெல்லு மிஸ்," என்றாள் முதல் பெஞ்சு ரேவதி. மேற்கொண்டு அனுமதி கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் காய்கிற நெல்லில் மழை விழுந்தால் யாருடைய நெல் என்று பார்ப்பதில்லை. முகம் பார்த்துப் பேசாத பங்காளிகூட ஓடிவந்து அள்ளுவான். அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று மொத்தப் பள்ளியும் கேட்டை நோக்கி ஓடியது.

கேட்டு பூட்டியிருந்தது.

நான் கைப்பையைத் திறந்தேன். பயிற்சிக் கையேடு, ஸ்கெட்ச் பேனா, வண்ணச் சீட்டுகள், உடையாத ஒரு பலூன் எல்லாம் வந்தன. சாவி வரவில்லை. பெரிய பையன்கள் சுவரேறிக் குதித்தார்கள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அஞ்சலையக்கா தனியாளாக நெல்லைக் காலால் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் படுதா வாடகைக்கு எடுக்கப் போனவர் இன்னும் வரவில்லை. அக்கா கேட்டைப் பார்க்கவேயில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியில் பையை மண்ணில் கவிழ்த்துக் கொட்டித்தான் சாவி கிடைத்தது. கேட்டு திறந்ததும் பிள்ளைகள் சத்துணவுத் தட்டு, வாளி, துப்பட்டா என்று எது கிடைத்ததோ அதில் அள்ளினார்கள். நானும் மயில் கழுத்துச் சேலையில் மடி கட்டி அள்ளினேன். (ஆமாம், ஃப்ளெக்ஸில் இருந்த அதே சேலைதான். பொருத்தமாக இருக்கட்டுமே என்று கட்டியிருந்தேன்.) பாதி நெல் வராந்தாவுக்குப் போவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. மீதியை நடுவில் குவிக்கத்தான் முடிந்தது.

"மூட எதுனா குடுங்க! படுதா எங்க?" என்று கத்தினார் விளையாட்டு ஆசிரியர் அறிவழகன் சார். பதில் வருவதற்குள் அவரே அண்ணாந்து பார்த்தார். இரண்டு பையன்களைத் தோளில் ஏற்றி, கேட்டு மேலிருந்த ஃப்ளெக்ஸின் கயிறுகளை அறுத்து, அப்படியே இழுத்துக் குவியலின் மேல் போட்டார். நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது.

நான் மல்லாந்து கிடந்தேன். கையைக் கட்டியபடி, வானத்தைப் பார்த்தபடி, இருபதுக்குப் பத்து அடியில். என் மூக்கின் மேல் மழை தெறித்தது. கழுகின் மேல் ஒருவன் தெரியாமல் மிதித்துவிட்டு, "சாரி மிஸ்," என்றான். பக்கத்தில் நனைந்த கோழி மாதிரி நிஜமான நான் நின்றேன்.

பயிற்சியாளர் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. ஷூ நனையும். போனில் படம் எடுத்தபடி, "எக்ஸலன்ட் டீம் ஒர்க்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அதிகாரி மட்டும் குடை பிடித்துச் சாலைக்கு வந்தார். காலடியில் சாலை நீர் நெல்லை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவதைப் பார்த்தார். பிறகு திரும்பி, வெறுமையாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய மேடு உள்ள இருக்கு. நெல்லை எதுக்கு ரோட்டுல கொட்டினீங்க? யார் சொன்னா?" என்று அக்காவைக் கேட்டார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அறிவழகன் சார் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஐந்து நாள் பயிற்சியில் 'நான்தான்' என்று சொல்ல யாரும் பழக்கவில்லை.

"எங்களுக்குத்தான் தோணலைங்கய்யா," என்றார் அஞ்சலையக்கா.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

ஐந்து மூட்டை நெல் வாய்க்காலோடு போயிற்று. நாலு மூட்டை முளைவிட்டுக் கோழிக்கும் மாட்டுக்கும் ஆனது. மீதியை மறுநாளிலிருந்து மைதானத்திலேயே காய வைத்தோம். நானே கேட்டைத் திறந்துவிட்டு, நானே காலால் நெல் கிளறினேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. நாலாம் நாள் நெல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான், "அக்கா, தப்பு என்னோடது. அன்னிக்கு அவர்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றேன்.

அக்கா மைதானத்தைப் பார்த்தார். "இது பள்ளமாத்தான் டீச்சர் இருந்துச்சு," என்றார். "மழைக்குப் பிள்ளைங்க முட்டிக்கால் தண்ணில நின்னுச்சுங்க. எங்கப்பாவும் இன்னும் நாலு பேரும் கோடையில வண்டல் அடிச்சு மேடாக்கினாங்க. உங்களுக்கு முன்னாடி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரிந்துகொள்ள ஐந்து நாள் ஆகியிருக்காது. ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இரண்டு வாரம் கழித்துத் தஞ்சாவூரில் நிறைவு விழா. முதல் பரிசு எனக்கு. 'சமூகப் பங்கேற்பை நெருக்கடி நேரத்தில் ஒருங்கிணைத்தமைக்காக.' பயிற்சியாளர் எடுத்த படம் திரையில் வந்தது, பிள்ளைகள் நெல் அள்ள, நடுவில் என் முகம் குவியலை மூடிக்கொண்டு. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் மேடையேறி வாங்கிக்கொண்டேன். (வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் 'முடியாது' சொல்வதில் தனித்திறமை ஆயிற்றே. அன்றைக்கு வரவில்லை.) இறங்கி வந்ததும் சுலைமான் சார் குனிந்து, "கழுகுக்கு இறக்கை காஞ்சுதாம்மா?" என்று கேட்டார். நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

பதவி உயர்வு வந்தது. மூப்புப் பட்டியலில் என் முறை வந்தபோது வந்தது, ஒரு நாள் முன்னேயும் இல்லை. சுலைமான் சாருக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது. பயிற்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சான்றிதழின் நகலைக்கூட வாங்கவில்லை. அந்தப் பயிற்சி இன்னமும் வருஷா வருஷம் நடக்கிறது. இப்போது இதே பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். என் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும்போதெல்லாம், கூட ஒரு மதிய உணவு கிடைக்கிறதே என்று அனுப்பிவைக்கிறேன். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு அவர்களிடம் சாவி கொடுப்பதில்லை.

நெல் போய்ச் சேர்ந்ததும் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். அஞ்சலையக்கா விடவில்லை. "நல்ல கனமா இருக்கு டீச்சர். வீணாக்காதீங்க. நான் வச்சுக்கிறேன்," என்றார். இன்றைக்கு அவர் மூன்று ஏக்கர் நடுகிறார், படுதாவுக்கு வாடகை கொடுப்பதில்லை. ஒவ்வொரு குறுவைக்கும் மைதானத்தின் தெற்குப் பாதியில், வந்து போகிற ஊர் ஜனம் அத்தனை பேரும் பார்க்க, நான் நெல் மேல் மல்லாந்து கிடக்கிறேன். கழுகு வெளுத்துப் போயிற்று. எழுத்து உரிந்துவிட்டது. என் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. கும்பகோணத்துக்காரர் அவ்வளவு நல்ல மை போட்டிருக்கிறார்.

வீட்டில் இது நிரந்தரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது வானம் இருட்டினால் போதும், கணேசன் காப்பி டம்ளரோடு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். "மாலதி, எழுந்திரு, அங்க உன்னை விரிக்கிற நேரம் வந்துடுச்சு," என்பார்.

நானும் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, மைதானத்துக்கு ஓடுகிறேன். கேட்டு திறந்தேதான் இருக்கும்.